கடலுக்குள் விழுந்த நீலப் புள்ளி: தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு தேடல்

"அண்ணா, மேப்பில் பாட்டா கடலுக்குள் நிற்கிறார். அது சரியாக இருக்குமா?"

மாலை 6:50க்கு வந்த அழைப்பு. பேசியவன் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பாட்டா என்று அவன் சொன்னது தன் தாத்தாவை; மாலையிலிருந்து அவரைக் காணவில்லை. அவன் அம்மா அழுவது பின்னணியில் கேட்டது. ஜூலை கடைசி வாரம். ஆடிக் கடல் கரையை உடைத்துக்கொண்டிருந்த நாட்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். தேங்காய்ப்பட்டணத்துக்குத் தென்மேற்கே, கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், தண்ணீருக்கு நடுவே நீலப் புள்ளி. அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு பெரிய வட்டம். வீட்டில் எல்லோரும் புள்ளியைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் அளவு என்ன என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் கைபேசி டவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் நான். ஆன்டெனாவைத் திருப்புவதும் கேபிளை மாற்றுவதும்தான் தொழில். அதனால் டவர் என்பது எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று ஓரளவு தெரியும். அந்த இரவில் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கும்படி அந்தப் பையனே கேட்டான். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பாட்டாவும் பழைய கைபேசியும்

பாட்டாவுக்கு 76 வயது. குளச்சலுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர். கட்டுமரத்தில் தொடங்கி, பிறகு ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் போட்டு, உடம்பு தளர்ந்ததும் கரையில் வலை முடைந்தவர். மூன்று ஆண்டுகளாக மறதி நோய். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு யார் வள்ளத்தில் யார் போனார் என்று துல்லியமாகச் சொல்வார். காலையில் கஞ்சி குடித்தோமா என்பது நினைவிருக்காது. அதற்கு முன்பே இரண்டு முறை வீட்டை விட்டு நடந்துபோய், ஊர்க்காரர்கள் கூட்டிவந்திருக்கிறார்கள்.

அதன்பின் பேரன் தன் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியைப் பாட்டாவின் சட்டைப்பையில் போட்டு, பொத்தானும் தைத்துவிட்டான். பாட்டாவின் பெயரில் கூகுள் கணக்கு, அதில் இருப்பிடப் பகிர்வு. எல்லாம் சரி. ஆனால் சார்ஜ் இரண்டு நாள் நிற்கவேண்டும் என்று இருப்பிட அமைப்பில் 'பேட்டரி சேமிப்பு' முறையைத் தேர்ந்தெடுத்திருந்தான். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இந்த முறை உண்டு. இதில் ஜிபிஎஸ் சில்லு விழிப்பதே இல்லை. அக்கம்பக்கத்து வைஃபையையும் டவரையும் வைத்து மட்டுமே கைபேசி தன் இடத்தை ஊகிக்கும். அவன் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். சார்ஜ் இறங்கிப்போன கைபேசியில் ஜிபிஎஸ் இருந்து என்ன பயன்?

நான்கு படங்கள்

பாட்டாவைக் காணவில்லை என்பது 4:45க்குத் தெரிந்தது. பேரன் உடனே வரைபடத்தைத் திறந்தான். அப்போதிருந்து எடுத்துவைத்த படங்கள்தான் இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஆவணம்.

முதல் படத்தில் புள்ளி திங்கள்நகர் பேருந்து நிலையத்தருகே. நேரம் 4:41, வட்டம் 35 மீட்டர். மாமா ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே பறந்தார். ஆளில்லை. புள்ளி சொன்னது பாட்டா இருந்த இடத்தை; அது திரைக்கு வருவதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார். இரண்டாவது, 5:18க்குக் கருங்கல், வட்டம் 60 மீட்டர். மூன்றாவது, 5:55க்குப் புதுக்கடைப் பக்கம். வட்டம் 900 மீட்டராக வீங்கியிருந்தது. நான்காவது, 6:25க்குக் கடல். வட்டம் 2,400 மீட்டர்.

புள்ளி எங்கே என்பதை விட்டுவிட்டு வட்டங்களை மட்டும் பாருங்கள்: 35, 60, 900, 2,400. ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசி நம்பியிருந்த சாட்சி மாறியிருக்கிறது.

திங்கள்நகரிலும் கருங்கலிலும் சாட்சி சொன்னவை கடைகளின் வைஃபை ரவுட்டர்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தன் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கைபேசி அதில் இணையவேண்டியதில்லை, கடவுச்சொல்லும் வேண்டாம். அந்த எண்ணைக் கேட்டாலே போதும். எந்த எண் எந்தத் தெருவில் கேட்கும் என்ற பட்டியல் கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்களிடம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ரவுட்டர்கள் காதில் விழுந்தால், அவற்றின் சத்தம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்து இடம் கணிக்கப்படும். சுவர்களுக்குள் இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்று மைக்ரோசாப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பால், பத்மநாபன் இருவரும் 2000ஆம் ஆண்டிலேயே 'ரேடார்' என்ற சோதனை அமைப்பில் காட்டிவிட்டார்கள். ஒரு அலுவலக மாடிக்குள் 2 முதல் 3 மீட்டர் பிழையில் ஆளைக் கண்டுபிடித்தது அது.

பட்டியல் தவறினால் வேடிக்கையும் நடக்கும். எங்கள் மாவட்டத்தில் வளைகுடா வேலை முடிந்து திரும்புகிறவர்கள் ரவுட்டரையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதை இங்கே மாட்டியதும் பக்கத்து வீட்டுக் கைபேசிகள் தங்களை மஸ்கட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தொழுகை நேரத்தை அறிவித்த கதையை நானே பார்த்திருக்கிறேன்.

புதுக்கடையைத் தாண்டியபின் ரவுட்டர்கள் குறைந்தன. கரையை நெருங்கியதும் சுத்தமாக இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு டவர்.

டவர் ஏன் கடலைக் காட்டியது

டவர் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பேசுவதில்லை. பெரும்பாலும் மூன்று ஆன்டெனாத் தொகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 பாகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் செக்டார் என்போம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை தென்மேற்கைப் பார்த்திருப்பதால், கரையோர டவர் ஒவ்வொன்றிலும் ஒரு செக்டார் கடலுக்கென்றே இருக்கும். வள்ளத்துக்காரர்கள் வீட்டோடு பேசுவது அதன் வழியாகத்தான். கடலில் கட்டடமும் இல்லை, தென்னையும் இல்லை. 40 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்கு ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஊருக்குள் இரண்டு தெரு தாண்டாத அலை கடலில் ஓடிக்கொண்டே போகும்.

அந்தச் செக்டார் எங்கே இருக்கிறது என்று வரைபடச் செயலிக்கு யார் சொன்னது? டவர் நிறுவனம் அல்ல. ஜிபிஎஸ் இயங்கும் கைபேசி வைத்திருப்பவர்கள் போகிற வழியில், 'இந்த இடத்தில் இந்தச் செக்டார் கேட்டது' என்ற பதிவு அவர்கள் அறியாமலே போய்ச் சேருகிறது. அப்படிச் சேர்ந்தவற்றின் நடுவிடம்தான் பட்டியலில் அந்தச் செக்டாரின் 'இடம்'. கரையில் நிற்பவர்களின் பதிவும் அதில் உண்டு, கடலில் மிதப்பவர்களின் பதிவும் உண்டு. வள்ளங்கள் தொலைவில் நின்று பதிவிடும்போது நடுவிடம் தண்ணீருக்குள் இழுக்கப்படுகிறது. பாட்டாவின் கைபேசிக்கு அந்த ஒரு செக்டாரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, பட்டியலைக் கேட்டது, பட்டியல் கடலைக் காட்டியது.

எனக்கு இதில் ஒரு விசித்திரம் தோன்றியது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. ஆடிக் காற்றில் சிறு வள்ளங்களும் ஒதுங்கியிருந்தன. அன்று அந்தக் கடலில் ஆளே இல்லை. ஆனால் பட்டியலுக்குத் தடைக்காலம் தெரியாது. மீன் பாடு இருந்த மாதங்களின் நினைவை வைத்துக்கொண்டு அது பதில் சொன்னது. பாட்டாவைப் போலவே அதுவும் பழையதை மட்டும் நன்றாக நினைவு வைத்திருந்தது.

"பாட்டா கடலில் இல்லை, கரையில்தான் எங்கோ இருக்கிறார்" என்று பையனிடம் சொல்லிவிட்டு நாகர்கோவிலிலிருந்து பைக்கில் கிளம்பினேன்.

'சாட்டிலைட்டில் பார்க்க முடியாதா?'

தேங்காய்ப்பட்டணத்தில் என்னை எதிர்கொண்ட உறவினர்களின் முதல் கேள்வி இது. இந்தக் கேள்வி எல்லாத் தேடலிலும் வரும். வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வானொலி நிலையம் மாதிரி. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தன் இடத்தையும் அணுக்கடிகார நேரத்தையும் ஒலிபரப்புகிறது; கேட்பது யார் என்று அதற்குத் தெரியாது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் கைபேசி கணக்கிட்டுத் தன் இடத்தைத் தானே அறிகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் தவறிவிடும். ஒலிபரப்பின் வேகமோ விநாடிக்கு 50 பிட். ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரத்தை வாங்கவே அரை நிமிடம் ஆகும். அதனால்தான் கைபேசிகள் அந்த விவரத்தை இணையம் வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. இந்தியாவின் நாவிக் அமைப்பும் இதே வழியில்தான் இயங்குகிறது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது, அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்துக்குரிய விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும் மகேந்திரகிரி எங்கள் மாவட்ட எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது.

தன் இடம் தனக்குத் தெரிவதும் அது கரைக்குத் தெரிவதும் வேறு வேறு என்பதை இந்தக் கரையைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் குறைவு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகளில் ஜிபிஎஸ் பெட்டி இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். புயல் வருவதை அவர்களுக்குச் சொல்லவும் வழியில்லை, அவர்கள் இருக்கும் இடத்தைக் கரை அறியவும் வழியில்லை. 2019இல், ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் கூட்டும் இந்தியாவின் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசேர்க்கும் ஜெமினி கருவி அறிமுகமானது. அதுவும் கேட்கும் கருவிதான், பேசும் கருவி அல்ல.

இதையெல்லாம் அங்கே நின்று விளக்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். "முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

கணிச்சம்

வட்டத்தைக் காகிதத்தில் வரைந்தேன். புள்ளி கரையிலிருந்து 2.1 கிலோமீட்டர்; ஆரம் 2.4. ஆகவே வட்டத்தின் வடகிழக்கு ஓரம் மட்டும் கரையைத் தொட்டது: நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர், மிக அகலமான இடத்தில் 300 மீட்டர். கடலைக் கழித்துவிட்டால் தேடவேண்டியது அந்த ஒல்லியான பட்டை. இளைஞர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் நடக்கத் தொடங்கினார்கள். 8:50க்குக் காவல் நிலையத்திலிருந்தும் டவர் விவரம் வந்தது: அதே டவர், அதே கடல் செக்டார். புதிதாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஊகத்தை உறுதிசெய்தது.

பட்டையை முழுக்கத் தேடியும் ஆளில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த வயதான மீனவர் ஒருவர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "ஒரே ஒரு டவரா? ஒற்றை அடையாளத்தை வைத்து யார் மக்களே கணிச்சம் பார்ப்பார்கள்?" என்றார்.

கணிச்சம் என்பது ஜிபிஎஸ் வருவதற்கு முன் இந்தக் கரையின் இடமறி நுட்பம். கடலடியில் மீன் தங்கும் பாறைத்திட்டை இங்கே 'பார்' என்பார்கள். அதைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு அடையாளங்களை, உதாரணமாகக் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மலைமுனையையும், ஒரே கோட்டில் வரவைப்பார்கள். வேறு திசையில் இன்னொரு சோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார். இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று நல்ல கோணத்தில் இருக்கவேண்டும். நெருங்கிய திசைகளாக இருந்தால் வெட்டும் இடம் நீண்டு குழம்பிவிடும், தூண்டில் வெறும் மணலில் இறங்கும்.

செயற்கைக்கோள் கணக்கிலும் இதே விதிதான். நான்கும் வானத்தின் ஒரே மூலையில் இருந்தால் பிழை பெருகும். டவர் கணக்கில் கடற்கரை இயல்பாகவே மோசமான இடம்: டவர்கள் எல்லாம் நிலத்தின் பக்கம் மட்டுமே. கன்னியாகுமரி முனையில் இன்னும் மோசம்; மூன்று பக்கமும் தண்ணீர்.

அந்தப் பெரியவரின் கேள்விதான் எனக்கு மறந்துபோயிருந்த ஒன்றை நினைவுபடுத்தியது. ஆண்ட்ராய்டு வரையும் வட்டத்துக்குள் கைபேசி இருப்பதற்கான வாய்ப்பு 68 விழுக்காடு. அதாவது மூன்றில் ஒருமுறை ஆள் வட்டத்துக்கு வெளியே இருப்பார். ஒற்றைச் சாட்சி சொன்ன வட்டத்தைச் சுவர் மாதிரி நினைத்து, அதன் விளிம்போடு நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டில் புள்ளியை நம்பியவர்களைக் குறைசொன்ன நான் செய்ததும் அதே தவறுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

டவர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானே ஏறியிருக்கிறேன். வட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தச் செக்டார் பார்க்கும் விசிறி வடிவ நிலத்தை வரைந்தேன். அதன் கிழக்கு ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே, மீன்பிடித் துறைமுகத்தின் ஒரு பகுதி விழுந்தது.

இங்கே ஒரு ஆதங்கம். 4ஜி டவர், கைபேசி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நேரத்தாமதத்தை வைத்து ஏறத்தாழ 78 மீட்டர் படிகளில் அளந்துகொண்டே இருக்கிறது. பழைய 2ஜியில் ஒரு படி 550 மீட்டர், 63 படிகள். அதனால்தான் அதன் எல்லை 35 கிலோமீட்டரில் நின்றது. அன்று இரவு அந்தப் படி எண் ஒன்று கிடைத்திருந்தால் விசிறியின் மேல் ஒரு வளையம் வரைந்து அரை மணி நேரத்தில் முடித்திருக்கலாம். வரைபடச் செயலி அதைக் காட்டுவதில்லை. காவல் நிலையத்துக்கு வந்த விவரத்திலும் அது இல்லை.

மணியோசை

கடைசி நூறு மீட்டரை எந்த ரேடியோ அலையும் தீர்க்கவில்லை, ஒலி தீர்த்தது. பாட்டாவின் கணக்கில் நுழைந்து தொலைந்த கருவியை ஒலிக்கச் செய்யும் வசதியைப் பேரன் இயக்கினான். கைபேசி ஊமையாக இருந்தாலும் ஐந்து நிமிடம் முழுச் சத்தத்தில் அடிக்கும். மாலையிலிருந்து அதை நான்கு முறை அடித்துப் பார்த்திருக்கிறான், ஆனால் வீட்டிலிருந்து! கேட்கும் தூரத்தில் காது இருந்தால்தானே? இப்போது துறைமுகத்தில் ஆட்களைப் பரவலாக நிறுத்திவிட்டு அடிக்கச் சொன்னேன். அலைச்சத்தத்தில் முதல் முறை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது முறை, வலைக்கூடத்தின் பின்பக்கம் நின்ற பையன் கையைத் தூக்கினான்.

ஒலியால் ஆளைத் தேடுவது பழமையான வழி என்று சிரிக்கவேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வகத்தார் 1990 வாக்கில் அகச்சிவப்பு அட்டைகளைச் சட்டையில் மாட்டி, யார் எந்த அறையில் என்று கண்டறிந்தார்கள். அதற்கு அடுத்து அவர்கள் போனது காதுக்குக் கேட்காத ஒலிக்கு. ஒளியும் ரேடியோ அலையும் அறைக்குள் எளிதில் அளக்க முடியாத வேகத்தில் ஓடுகின்றன; ஒலி மெதுவாக நடப்பதால் தொலைவைச் சில சென்டிமீட்டர் வரை அளந்துவிடலாம்.

நேரம் 10:10. கட்டிப்போட்டிருந்த படகுகளைப் பார்த்தபடி பாட்டா வலைக்குவியலில் உட்கார்ந்திருந்தார். கைபேசியில் சார்ஜ் 9 விழுக்காடு. சட்டைப்பைக்குள் அது அலறிக்கொண்டிருந்ததைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை.

"பாட்டா, இது எந்த இடம் என்று தெரியுமா?" என்று பேரன் கேட்டான்.

ஊர்ப்பெயர் வரவில்லை. கரையிலிருந்த இரண்டு விளக்குகளைக் காட்டி, "ரெண்டும் விலகி நிற்கிறது பார். இன்னும் மேற்கே போகவேண்டும் மக்களே" என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பாட்டியின் தங்கை சொன்னார்: கல்யாணத்துக்கு முன் அவர் சில ஆண்டுகள் தூத்தூர்ப் பக்கம் ஒரு வள்ளத்தில் தொழில் செய்திருக்கிறார். தூத்தூர் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், துறைமுகத்துக்கு மேற்கே.

பிறகு

மறுநாள் என் கைபேசியில் ஜிபிஎஸ்ஸை இயக்கி வலைக்கூடத்தை அளந்தேன். நீலப் புள்ளியிலிருந்து 2.7 கிலோமீட்டர், வட்டத்துக்கு வெளியே 300 மீட்டர்.

கைபேசியின் இருப்பிட முறையை 'உயர் துல்லியம்' என்று மாற்றினோம். தினமும் சார்ஜ் போடுவது பாட்டியின் பொறுப்பு. பேரன் ஒரு ப்ளூடூத் பட்டனும் வாங்கிவந்தான். அதில் ஜிபிஎஸ் கிடையாது, பக்கத்தில் போகிறவரின் கைபேசிதான் அதைக் கேட்டு இடத்தைச் சொல்லவேண்டும் என்று எச்சரித்தேன். திங்கள்நகர் பேருந்து நிலையத்தில் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். தடைக்காலத்துத் துறைமுகத்தில் இரவு பத்து மணிக்கு யார் கைபேசி அதைக் கேட்கும்? வாங்கியதை வீணாக்கவேண்டாம் என்று அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டார்கள். 2018 ஜனவரி முதல் விற்கும் கைபேசிகளில் ஜிபிஎஸ் கட்டாயம். பவர் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்தினால் ஸ்மார்ட்போனிலிருந்து 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போகவும் விதி இருக்கிறது. தான் தொலைந்துவிட்டோம் என்று தெரியாதவருக்கு அந்தப் பொத்தான் உதவாது.

இதை எழுதுவதற்கு முன் பாட்டாவிடமும் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கண்காணிப்பு என்பது யார்மேல் வைத்தாலும் கண்காணிப்புதான்; கிழவர் என்பதால் கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டைப்பையைத் தட்டி, "இது நீங்கள் எங்கே போனாலும் வீட்டுக்குச் சொல்லிவிடும், சம்மதமா?" என்றேன்.

"சரியாகச் சொல்லுமா?" என்று கேட்டார்.

சில நேரம் கடலில் இருப்பதாகச் சொல்லும் என்றேன். அதற்குப் பாட்டா சிரித்த சிரிப்பைப் பார்த்து, அடுப்படியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார்.